கடலூர், புதுவையிலிருந்து காட்டு நடை போகிறவர்கள்: பிடித்த இடம் எது, விலங்குகளிடம் எப்படிக் கவனமாக இருக்கிறீர்கள்?

முந்திரிக்காடு (பண்ருட்டி)

வணக்கம். போன வாரம் என் அக்கா மகன் வந்து, "மாமா, நண்பர்கள் நாலு பேர் கல்வராயன் மலைக்குப் போகிறோம், ராத்திரி தங்க நல்ல இடம் சொல்லுங்கள்" என்று கேட்டான். என்னடா எடுத்துப் போகிறீர்கள் என்றேன். ஸ்பீக்கர், சுட்டுச் சாப்பிட மசாலா தடவிய கோழி, வாடகைக்கு ஒரு கூடாரம். டார்ச் கிடையாது, போன் வெளிச்சம் போதுமாம். பையனுக்கு 19 வயது. அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நம் பக்கத்திலிருந்து காட்டுக்குப் போய் வருகிறவர்கள் அவரவர்க்குப் பிடித்த இடத்தையும், அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுங்கள். அவனை அப்படியே படிக்க வைக்கப் போகிறேன்.

முதலில் என்னுடையது. எனக்கும் கல்வராயன்தான் உயிர். கள்ளக்குறிச்சி தாண்டி கோமுகி அணைப் பக்கம் ஏறத் தொடங்கியதும் காற்று மாறும், மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் சாமை அறுத்த கொல்லைகளுக்கு நடுவே நடந்து மேகம் அருவிப் பக்கம் இறங்குவது மாதிரி ஒரு சுகம் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. நான்கு வருடம் முன்பு அப்படி இறங்கும்போது கூட வந்த ஊர்ப் பெரியவர் திடீரென்று நின்றுவிட்டார். பாதையோரம் ஒரு கரையான் புற்று, பாதி தோண்டிக் கிடக்கிறது, மண் இன்னும் ஈரம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையை இரண்டு முறை பலமாகத் தட்டினார், பிறகு சத்தமாகப் பேசிக்கொண்டே எங்களை வந்த வழியே திருப்பிக் கூட்டி வந்தார். கரடி புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தால் அதற்கு உலகமே தெரியாது, கண் பார்வையும் மங்கல், காதும் அவ்வளவு கூர்மை இல்லை, பத்தடிக்கு வந்த பிறகுதான் நாம் இருப்பது தெரியும், அந்தப் பயத்தில் பாய்ந்துவிடும் என்று ஊருக்கு வந்த பிறகு சொன்னார். நமக்கு அருவி போச்சே என்றிருந்தது. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அன்றிலிருந்து கரடி இருக்கிற மலையில் நான் பேசிக்கொண்டேதான் நடப்பேன்.

ஊசுட்டேரிக்காரி (புதுச்சேரி)

அண்ணா, நல்ல இழை. ஆனால் பேசிக்கொண்டே நடப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான் பறவை பார்க்கப் போகிறவள், பேசினால் எனக்கு அன்றைய நாளே வீண். ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் கரடி கிடையாது, அங்கே வாயை மூடிக்கொண்டு நடக்கலாம், தரையைப் பார்த்து நடந்தால் போதும்.

மலைக்குத்தான் போக வேண்டும் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. கழுவேலிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் பக்கம், புதுவையிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள், 2021இல்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தண்ணீர் வற்றத் தொடங்கும் மாதங்களில் விடியற்காலை கரையில் நின்றால் பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். எனக்கு இன்னும் பிடித்தது கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும், வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே இல்லை. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க இருந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மிச்சம் இருக்கிற துண்டு அது, சாமி காடு என்று ஊர்க்காரர்கள் கை வைக்காமல் விட்டதால் பிழைத்தது. ஆரோவில் பக்கம் செம்மண் ஓடைகளுக்கு நடுவே அதே வகை மரங்களைப் பல வருடமாக நட்டு வளர்த்திருக்கிறார்கள், இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் நட்ட காட்டுக்கும் தானாக நிற்கிற காட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

இங்கே கவனம் என்றால் பாம்புதான். சருகு மேல் நடக்கும்போது காலைத் தேய்க்காமல் ஊன்றி வையுங்கள், விழுந்த மரத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். கண்ணாடி விரியன் சீறினால் குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வருகிற சத்தம் மாதிரி நீளமாகக் கேட்கும். கேட்டால் அந்த இடத்திலேயே நின்று, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு மெதுவாகப் பின்னால் நகருங்கள். அது நகராமல் கிடப்பதைப் பார்த்து மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

இரவுப்பணி (வில்லியனூர்)

அக்கா பாம்பு என்று எழுதியதால் உள்ளே வருகிறேன். நான் அவசரப் பிரிவில் செவிலி. மழைக்காலத்தில் எங்களுக்குப் பாம்புக்கடி வராத வாரம் கிடையாது.

இரண்டு வருடம் முன்பு மலைக்குப் போன ஒரு பையனை நண்பர்கள் கூட்டி வந்தார்கள். ஷூ கயிற்றால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, கடிவாயைக் கத்தியால் கீறி, ஒருத்தர் வாயால் உறிஞ்சித் துப்பியிருக்கிறார். எல்லாமே அவன் மேல் இருக்கிற பாசத்தில் செய்ததுதான், அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கால் நீலமாகி வீங்கி, கீறிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, அதில் கத்தியும் வைத்தால் என்ன ஆகும்? பையன் பிழைத்தான். அந்தக் காலோடு நடக்கப் பல மாதம் ஆனது.

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்து நேரத்தைக் கழிக்காதீர்கள். மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிவுக்குக் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுவோமே, அது போல அந்தக் காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு 108க்கு அழையுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், அதை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் வைத்தியம் நிற்காது.

கூடாரத்தில் படுக்கப் போகும் தம்பிக்குத் தனியாக ஒன்று. கட்டு விரியன் ராத்திரியில் நடமாடும், தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம் கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது என்று எழுந்தால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. வெறுந்தரையில் படுக்கவே வேண்டாம்.

தில்லைவாசி (சிதம்பரம்)

எங்கள் பக்கம் யாரும் எழுதவில்லையே. பிச்சாவரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுரபுன்னைக் காடு, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காலையில் முதல் துடுப்புப் படகில் போங்கள், மோட்டார் சத்தம் இல்லாத வாய்க்காலில் அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் நீந்திப் போவதைப் பார்க்கலாம்.

அங்கே விலங்கை விட மரத்திடம் கவனம் வேண்டும் என்றால் நம்புவீர்களா? எங்கள் ஊருக்கே பெயர் கொடுத்த தில்லை மரம் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. கிளையை ஒடித்தால் பால் வடியும், தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். படகிலிருந்து கையை நீட்டிக் கிளையைப் பிடித்து இழுத்து போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் நிறைய நேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது முதலை. புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. பழைய கொள்ளிடத்தில் முதலை நிறைய இருக்கிறது, வேளக்குடி, பழையநல்லூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கியவர்களைக் கடித்திருக்கிறது, இழுத்தும் போயிருக்கிறது. மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக ஊருக்குள்ளும் வரும், வனத்துறை வந்து பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டு போய் விடுவார்கள். என் சித்தப்பாவின் மாட்டைக் கரையில் வைத்தே கவ்வியது. முதலை பெரும்பாலும் பதுங்கி இருந்துதான் பிடிக்கும். கரையோரம் மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய அப்படியே கிடக்கும், குனிந்து முகம் கழுவுகிற ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன விலங்கு மாதிரிதான். அதனால் ஆற்றங்கரையில் நடப்பவர்கள் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நடங்கள், குந்தி உட்காராதீர்கள், மீன் கழுவிய தண்ணீரும் எச்சில் சோறும் கரையில் கொட்டாதீர்கள், பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கமே வேண்டாம். ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டால் நேற்று எங்கே வெயில் காய்ந்தது என்று இடத்தோடு சொல்லிவிடுவார்.

தனிநடை (கடலூர்)

எல்லோரும் பெரியவர்கள், மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். எனக்கு 24 வயது, ஐந்து வருடமாகத் தனியாகத்தான் போகிறேன். பர்வதமலை, ஜவ்வாது மலை, செஞ்சியைச் சுற்றி இருக்கிற குன்றுகள். கூட்டமாகப் போனால் காடு நம்மிடம் பேசாது. அனுமதி, வழிகாட்டி, கட்டணம் என்று போனால் சுற்றுலா மாதிரி ஆகிவிடுகிறது. வேலை இல்லாத நாட்களில் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் இதுதான், அதற்கும் பணம் கட்ட வேண்டுமா? செஞ்சியில் ராஜகிரி மேல் உட்கார்ந்து வெயில் ஏறுவதைப் பார்த்தால் ஒரு மாதத்துக்குத் தெம்பு வரும். விலங்கை நாம் சீண்டாவிட்டால் அதுவும் நம்மைச் சீண்டாது என்பதுதான் என் அனுபவம்.

வெள்ளிமலை மருமகன் (விருத்தாசலம்)

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. நானும் உங்கள் வயதில் அப்படித்தான் திரிந்தேன். ஆனால் சீண்டாவிட்டால் சீண்டாது என்பது கரடிக்குப் பொருந்தாது. முந்திரிக்காடு அண்ணன் எழுதியதைத் திரும்பப் படியுங்கள், அந்தப் புற்றுப் பக்கம் போன யாரும் அதைச் சீண்டப் போகவில்லை.

என் மாமனார் வீடு கல்வராயன் மேலே. அங்கே யாரும் விடிவதற்கு முன்போ இருட்டிய பிறகோ காரணம் இல்லாமல் காட்டுப் பாதையில் கால் வைக்க மாட்டார்கள். பலா பழுக்கிற மாதங்களில் கரடி கொல்லைக்கே வரும், அப்போது பக்கத்து வீட்டுக்குப் போவதற்கே தீப்பந்தமும் ஆள் துணையும். நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகக் கூடாது என்பார் மாமனார். நாய் போய்க் குரைக்கும், கரடி திரும்பித் துரத்தும், நாய் எங்கே ஓடி வரும்? உங்களிடம்தான். நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடாதீர்கள், அது நம்மை விட வேகம், மரமும் ஏறும். அதன் மேல் கண் வைத்தபடியே பின்னால் நகருங்கள். விழுந்து தாக்கினால் குப்புறப் படுத்து, பின் கழுத்தை இரண்டு கையாலும் கோத்து மூடிக்கொள்ளுங்கள், முதுகுப் பையைக் கழற்றாதீர்கள். அதன் நகம் முகத்துக்கும் தலைக்கும்தான் வரும். எங்கள் ஊரில் ஒருவர் அப்படிப் படுத்ததால்தான் இன்று இருக்கிறார், முதுகில் தழும்பு இருக்கிறது.

அனுமதி பற்றி. 2018 மார்ச் 11 நினைவிருக்கிறதா? கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய கூட்டம் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், அதில் பலர் உங்கள் வயது. காய்ந்த மலைப் புல்லில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் விதிமுறை எல்லாம் இறுகியது. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் முன்பதிவு தொடங்கியது, மலைவாழ் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கட்டும் பணத்தில் அவர்களுக்கும் சம்பளம் போகிறது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று எல்லாப் பாதையையும் மூடினார்கள். அந்த மாதங்களில் யாரும் ஏறக் கூடாது, தெரியாத குறுக்குப் பாதையில் கண்டிப்பாகக் கூடாது.

தனிநடை (கடலூர்)

குரங்கணி நடந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன் அண்ணா. தீ பற்றி நான் யோசித்ததே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தனியாகப் போவதை முழுக்க விட முடியாது. ஆனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று இனி வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

கோட்டைக்கரை (திண்டிவனம்)

தனிநடை தம்பி செஞ்சி என்றதால் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை ராஜகிரி ஏறுகிறவன் நான். 2025இல் உலக பாரம்பரியச் சின்னம் ஆன பிறகு கூட்டம் கூடிவிட்டது, அதோடு குரங்குத் தொல்லையும். கையில் பாலித்தீன் பை சரசரத்தால் அவ்வளவுதான். பையை விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடிக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

எனக்குக் குரங்கை விடப் பயம் மலைத்தேனீ. பாறை இடுக்கிலும் கோட்டை வளைவுகளுக்கு அடியிலும் பெரிய பெரிய அடை தொங்கும். போன வருடம் எனக்கு முன்னால் போன கூட்டத்தில் யாரோ கல்லை விட்டெறிந்தார்கள், எறிந்தவன் ஓடிவிட்டான், பின்னால் குழந்தையோடு வந்த குடும்பம் மாட்டிக்கொண்டது. நின்று கையை வீசாதீர்கள், நசுங்கிய தேனீயின் வாசனைக்கு இன்னும் நூறு வரும். துண்டால் முகத்தையும் காதையும் மூடிக்கொண்டு, படி பார்த்து, நிற்காமல் தூரமாகப் போய்விடுங்கள். அப்புறம் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. மூச்சு இளைத்தாலோ உதடு வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு. மலைக்குப் போகிற அன்று செண்ட் அடிக்காதீர்கள், கீழே உட்கார்ந்து பீடி, சிகரெட் பற்ற வைக்காதீர்கள்.

ஊசுட்டேரிக்காரி (புதுச்சேரி)

திருவண்ணாமலை ஏற நினைக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் புதுவைப் பக்கம் கரையேறியது, மறுநாள் அங்கே மலைச் சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். புயல் மழைக்குப் பிறகு சில வாரம் எந்தச் சரிவுக்கும் போகாதீர்கள், மண் ஊறிப் போயிருக்கும். அந்த நாட்களில் ஏரிக்கு வாருங்கள், பறவை வரத்து அப்போதுதான் தொடங்கும்.

நெய்தல் (தேவனாம்பட்டினம்)

யானை பற்றி யாரும் கேட்கவில்லையா? நம் மாவட்டத்தில் காட்டு யானை இல்லைதான், ஆனால் வருடா வருடம் வெள்ளியங்கிரி போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருபது பேர். அடிவாரம் முழுக்க யானை நடமாடும் இடம்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

நல்ல கேள்வி நெய்தல். டாப்சிலிப் பக்கம் ஒரு வனக்காவலர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். யானைக்குத் தூரப் பார்வை குறைவு, மூக்குதான் எல்லாம். காற்று நம் முதுகிலிருந்து அதன் பக்கம் வீசினால் நாம் பார்ப்பதற்கு முன்பே அதற்குத் தெரியும். சாணம் சூடாக இருந்தாலோ மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டாலோ அப்படியே திரும்பிவிட வேண்டும், எத்தனை கிலோமீட்டர் வந்திருந்தாலும் சரி. காதை அகல விரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டிக் காதை ஒட்ட வைத்து வந்தால் நிஜம். ஆனால் அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று அவரே சொன்னார், அதனால் அவ்வளவு பக்கம் போகாமல் இருப்பதுதான் ஒரே வழி. இறக்கத்தில் யானை ஓடாது என்ற பேச்சை நம்பாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரம் வழிந்திருந்தால் மதம், அந்தத் திசையே வேண்டாம். செல்ஃபி எடுக்க வண்டியிலிருந்து இறங்குவதும் கூடாது.

இரவுப்பணி (வில்லியனூர்)

ஒன்று விட்டுப் போச்சு. காட்டிலிருந்து திரும்பி ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் வந்தால், போய் வந்த இடத்தை மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்போம், நம் பக்கம் மழைக்குப் பிந்திய மாதங்களில் நிறைய வரும். புல்லிலும் புதரிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் காட்டுவதில்லை. சரியான மருந்து ஆரம்பித்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். முழுக்கை சட்டை, பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விடுவது, புல் மேல் வெறுமனே படுக்காமல் இருப்பது, வீடு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளிப்பது. இவ்வளவு செய்தால் போதும்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

எல்லோருக்கும் நன்றி. அக்கா மகனை உட்கார வைத்து முழுவதும் படிக்க வைத்தேன். கட்டு விரியன் பத்தி வந்ததும் கூடாரம் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். கோழி சுடுவதை மட்டும் விட அவனுக்கு மனமில்லை, கறி வாசனைக்கு என்னவெல்லாம் வரும் என்று தெரியாதா, அதை ஊரில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டேன். காலையில் ஏறி மாலை மூன்று மணிக்குள் இறங்குகிற மாதிரி ஒரு நாள் நடை. நானும் போகிறேன். வெள்ளிமலை தம்பி, உங்கள் மாமனார் ஊரில் கூட வர யாராவது கிடைப்பார்களா?

வெள்ளிமலை மருமகன் (விருத்தாசலம்)

மச்சினனே வருவான் அண்ணா, தேன் எடுக்கிற பையன், பாதை எல்லாம் அத்துப்படி. ஞாயிறு வேண்டாம், அருவியில் கூட்டம் இருக்கும், சனிக்கிழமை வாருங்கள். அவன் ஒரு நாள் வேலையை விட்டு வருகிறான், கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்றாலும் கொடுங்கள். பிள்ளைகளைப் பிடிப்புள்ள ஷூவோடு வரச் சொல்லுங்கள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஸ்பீக்கர் வண்டியிலேயே இருக்கட்டும். தனிநடை தம்பி, உங்களுக்கும் இடம் இருக்கிறது. வந்தால் அவனோடு முன்னால் நடக்கலாம், அவன் அதிகம் பேச மாட்டான்.